வெளிப்பக்கம் இலை மடிச்ச விருந்தாளி

அந்தக் காலத்துல, செடி கொடி, ஆடு மாடு எல்லாம் வாய் திறந்து பேசிக்கிட்டிருந்த காலத்துல...

இருங்க, இருங்க. இந்த ஒரு வரி காதுல விழுந்ததுமே எல்லாரும் சாய்ஞ்சு உக்காந்துட்டீங்களே! தெரியும். அடுத்து ஒரு ராஜா வருவான், அவனுக்கு ரெண்டு ராணி இருப்பாங்க, அதுல ரெண்டாவது ராணி பொல்லாதவ. அப்படித்தானே? இல்லைன்னா ஒரு முனிவர் கண்ணை மூடி உக்காந்திருப்பார். உசரமான செடி ஒண்ணு அவர் தாடியில இலையை உதுத்திருக்கும். அவர் கமண்டலத்தைத் தூக்கி, "குட்டையாகக் கடவாய்!"ன்னு ஒரு சாபம் விடுவார். கதை முடிஞ்சிரும், செருப்பைத் தேடலாம்.

முனிவர் இன்னைக்கு லீவு. ராஜாவுக்கும் உடம்பு சரியில்ல.

இந்தக் கதையில இருக்கிறது ஒரு பொம்பளை, ஒரு செடி, ஒரு காத்து. ஓரமா ஒரு புருஷன். வந்த தகராறு பூராம் சோத்தாலதான். சோறு இல்லாம வந்த தகராறு இல்லைங்க. சோறு போதும்னு சொல்லத் தெரியாம வந்த தகராறு.

முதல்ல செடியைச் சொல்லிர்றேன். குட்டை அகபாந்தஸ் பாத்திருக்கீங்களா? மலைப்பக்கம் போனா வீட்டு வாசல்ல, படிக்கட்டு ஓரத்துல, சின்னச் சின்னத் தொட்டியில வச்சிருப்பாங்க. முழங்கால் உசரம் கூட வராது. நாடா மாதிரி இலை, நாலு பக்கமும் வளைஞ்சு கிடக்கும். நடுவுலேருந்து ஒரே ஒரு தண்டு நெட்டுக்குத்தலா எந்திரிக்கும். அந்தத் தண்டோட நுனியில நீலமா ஒரு பந்து. கிட்டக்க குனிஞ்சு பாத்தா அது ஒரு பூ இல்லைங்க, முப்பது நாப்பது பூ! ஒவ்வொண்ணும் விரல் நுனி அளவு மணி. எல்லாம் ஒரே இடத்துலேருந்து கிளம்பி எட்டுத் திக்கும் பாக்கும். தீபாவளிக்கு விடுற வாணம் வெடிச்சுச் சிதறுற நேரத்துல, "அப்படியே நில்லு"ன்னு யாரோ சொல்லி நிப்பாட்டின மாதிரி இருக்கும். அந்த நீலத்தைப் பாத்துட்டுத் திரும்புனா, வானம் கொஞ்சம் சாயம் போனாப்ல தெரியும். அவ்வளவு அழகு.

இவ்வளவு அழகை வச்சுக்கிட்டு அது ஏன் உக்காந்தே இருக்கு? பெரிய தோட்டத்துல அகலமாக் குழி தோண்டி வச்சா பூக்காம, இத்துனூண்டு தொட்டியில நெருக்கிப் பிடிச்சு வச்சா ஏன் பூக்குது? அதுதான் கதை.

பழனி மலையில மஞ்சம்பாடின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல குருவம்மா, குருவம்மான்னு ஒருத்தி. பொறந்த வீட்டுல ஏழு பிள்ளைங்க, ஒரு சட்டிக் கூழு. அவ அஞ்சாவது. அஞ்சாவது ஆளு கிட்ட சட்டி வரும்போது சட்டி மட்டும்தான் வரும். அப்படி வளந்தவ, கல்யாணமாகி வந்து, தன் கையால அடுப்பு மூட்டுன அன்னைக்கே முடிவு பண்ணிட்டா: இந்த வீட்டுக்குள்ள வந்த எந்த உசுரும் அரை வயித்தோட வெளிய போகக் கூடாது.

போகலை. யாரும் போகலை. மிச்ச வயித்தையும் சேத்துத் தூக்கிக்கிட்டுத்தான் போனாங்க.

கம்பஞ்சோறு, மொச்சைக் குழம்பு, மலைப்பூண்டு வதக்கல். வாசனை மேல ஊரு, கீழ ஊரு ரெண்டுக்கும் போகும். "போதும் குருவம்மா"ன்னு கையை இலைக்குக் குறுக்க நீட்டுவான் வந்தவன். அவ அந்தக் கை மேலயே ஒரு கரண்டி போடுவா. அந்த வீட்டுல 'போதும்'ங்கிற சொல்லுக்கு 'இன்னும் ஒரு கரண்டி'ன்னு அர்த்தம். அவ புருஷன் பொம்மையன் கல்யாணத்தப்ப மூங்கில் மாதிரி இருந்தவன். மூணே வருஷத்துல நெல்லுக் கொட்டி வைக்கிற குதிர் மாதிரி ஆயிட்டான். உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். ஆனா பாவம், ஒரு நாள் கூட வாயைத் திறந்து வேணாம்னு சொன்னதில்ல. வாயைத் திறந்தா அதுலயும் ஒரு கவளம் விழுந்துருமே!

இப்படி இருக்குறப்பதான் கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு செடி வந்து அவ வீட்டு வேலி ஓரமா நின்னுச்சு.

அப்ப அது குட்டை இல்லைங்க. ஆள் உசரத்துல ரெண்டு பங்கு. நிமிர்ந்து நின்னா கூரை மேல காயப்போட்ட மிளகாயை எண்ணலாம். ஆனா உசரத்துக்கேத்த அதட்டல் கிடையாது. பரம சாது. கப்பல்ல வரும்போது பக்கத்துல ஒரு புலவர் உக்காந்திருந்தாராம். அவர்கிட்ட கத்துக்கிட்டு வந்த தமிழு. அது வேற எப்படி இருக்கும்?

"வணக்கம் அம்மையீர். அடியேன் பெயர் அகபாந்தஸ். தங்கள் இல்லத்தருகே வேரூன்ற ஒரு சாண் இடம் கிடைக்குமோ?"

குருவம்மாவுக்கு மொத்தப் பேச்சுல பளிச்சுன்னு பிடிபட்டது ஒரே ஒரு சொல்லு.

"என்னது, அகப்பையா? உன் பேரு அகப்பையா? ஏங்க, இங்க வாங்களேன்! பேருலயே குழம்பு மோந்து ஊத்துற அகப்பையை வச்சுக்கிட்டு ஒரு பிள்ளை வந்து நிக்குது! இது நம்ம வீட்டுக்குன்னே பொறந்த பிள்ளை. வா ராசா. வாப்பா அகப்பை. ஒரு சாண் என்ன ஒரு சாண், இந்தத் தோட்டமே உனக்குத்தான்."

ரோஜாவைப் பிடுங்கி ஓரத்துல வச்சா. அவரைப் பந்தலை அவுத்தா. தோட்டத்துக்கு நட்டநடுவுல, பொம்மையன் படுத்துப் புரள்ற அகலத்துக்குக் குழி தோண்டுனா. அதுல சாணி, சாம்பல், ஆட்டுப் புழுக்கை, இலை மக்குன உரம் எல்லாம் கொட்டி, செடியை நடுவுல நிப்பாட்டுனா.

செடிக்குச் சங்கடமாப் போச்சு. "அம்மையீர், இத்துணைப் பெரிய இடம் வேண்டியதில்லை. யான் பாறை இடுக்கில் பிறந்தவன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வேரை நுழைத்து வாழ்ந்த குலம்."

கேட்டதும் குருவம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பாறை இடுக்குலயா? ஒரு பிடி மண்ணுக்கு வழியில்லாமலா வளந்த? எங்கப்பனே!" முந்தானையில மூக்கைச் சிந்திக்கிட்டு, குழியை இன்னும் ரெண்டு முழம் அகலப்படுத்துனா.

அன்னையிலேருந்து மூணு வேளைச் சாப்பாடு. காலையில சாணிக் கரைசல் ஒரு வாளி. மத்தியானம் அரிசி களைஞ்ச தண்ணி, மீன் கழுவுன தண்ணி. சாயங்காலம் கடலைப் புண்ணாக்கை ஊற வச்சு ஒரு வாளி. வாளி காலியாகுறதுக்குள்ள அடுத்த வாளி வாசல்ல நிக்கும்.

செடி என்ன பண்ணும்? விருந்தாளி. அதுவும் மரியாதை தெரிஞ்ச விருந்தாளி. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டுச்சு. ரெண்டாவது மாசம் நெளிஞ்சுது. மூணாவது மாசம், மெதுவா:

"அம்மையீர், யான் நிறைவுற்றேன்."

"என்ன ராசா, நிறைய வேணுமா? இதோ வர்றேன்!"

"இல்லை, இல்லை. என் வயிறு நிறைந்து..."

"நிறைய நிறையன்னு கெஞ்ச வேற செய்யுதே பிள்ளை! வெக்கப்படாம கேளு. இது உன் வீடு." ரெண்டு வாளி வந்துச்சு.

சாப்பிட்டதெல்லாம் எங்க போகும்? இலைக்குத்தான் போச்சு. இலை மேல இலை, இலை மேல இலை. பச்சைப்பசேல்னு தளதளன்னு ஒரு குடும்பமே உள்ள படுத்துத் தூங்குற மாதிரி புதர் போட்டுருச்சு. ஆனா பூ? ஒரு மொட்டு இல்ல. வேரு பூராம் அந்த அகலக் குழிக்குள்ள மேயப் போயிருச்சு. எங்க போனாலும் சாப்பாடு, எங்க போனாலும் இடம். பூக்கணும்னு அதுக்கு நினைப்பே வரலை.

ஒரு நாள் அதுக்கு மனுசன் மாதிரி ஒரு யோசனை வந்துச்சு. வேலிப்பக்கம் ஊர்ச்சாப்பாடு ஒண்ணு நடந்துச்சு. சாப்பிட்டு முடிச்சவங்க எல்லாம் இலையை மடிச்சாங்க. மடிச்ச உடனே பரிமாறுறவ கரண்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டா. செடிக்கு உசுரு வந்துச்சு. ஆகா, இந்த நாட்டுல வாயால சொன்னா கேக்க மாட்டாங்க, இலையை மடிச்சாக் கேப்பாங்க போல! நமக்குத்தான் இலைக்குக் குறைச்சலே இல்லையே!

மறுநாள் காலையில குருவம்மா வாளியோட வர்றா. செடி தன்னோட அத்தனை இலையையும் ஒரே நேரத்துல மடிச்சுது. அழகா, வளைச்சு, நுனி தரையைத் தொடுற மாதிரி. மடிச்சுட்டு நல்ல பிள்ளையா அவ முகத்தைப் பாத்துச்சு.

இங்கதான் குடி கெட்டுது.

நம்ம பக்கம் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமா மடிக்கணும். மனசு நிறைஞ்சுது, திரும்ப வருவேன்னு அர்த்தம். எதிர்ப்பக்கமா மடிக்கிறது எழவு வீட்டுல மட்டும்தான். நல்ல வீட்டுல அப்படி மடிச்சா, உன் சோறும் வேணாம், உன் சங்காத்தமும் வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி. தூரத்துலேருந்து பாத்த செடிக்கு இது எப்படித் தெரியும்? எந்தச் செடிக்கும் இலை வெளிப்பக்கமாத்தானே வளையும்? அது தன் உடம்பு வளைஞ்ச பக்கம் மடிச்சுது. நாலு பக்கமும் வெளிப்பக்கம்!

குருவம்மா கையிலேருந்து வாளி நழுவிருச்சு.

"ஏங்க... ஏங்க, ஓடி வாங்களேன்! வெளிப்பக்கமா மடிச்சிருச்சுங்க! ஒரு இலை ரெண்டு இலை இல்ல, அத்தனையும்!"

பொம்மையன் ஓடி வரல. வந்தான். மெதுவா வந்து பாத்தான். "போதும்னு சொல்லுது போல, குருவம்மா."

"போதும்னா உள்பக்கம்ல மடிக்கும்? இது வெளிப்பக்கம். என் கைச்சோறு அதுக்குப் பிடிக்கலை. ருசி பத்தலை. எவ்வளவு மனசு நொந்திருந்தா இப்படி ஒரு வேலை பாக்கும்! ஐயோ, இத்தனை நாளா அரை வயித்துக்கா போட்டேன்?"

அன்னையிலேருந்து மூணு வேளை அஞ்சு வேளையாச்சு. செடி இன்னும் வளைச்சு மடிச்சுது. அவ இன்னும் ஊத்துனா. அது மடிக்க, அவ ஊத்த, அவ ஊத்த, அது மடிக்க. ரெண்டு சித்திரை போயிருச்சு. பூ மட்டும் வரலை.

இதை எல்லாம் மேலேருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டிருந்தான். காத்து. அந்தக் காலத்துல காத்துக்கு அந்த மலையில மேஸ்திரி உத்தியோகம். மலையில இடம் குறைச்சல். அதனால பூவோ காயோ குடுக்காம சும்மா நிக்கிற செடியைப் பிடுங்கிப் பள்ளத்துல போட்டுட்டு, அடுத்த செடிக்கு இடம் விடுறது அவன் வேலை. ஆளு கறாரு. வரும்போதே கதவைத் தட்ட மாட்டான், தள்ளுவான்.

"ஏத்தா குருவம்மாஆஆ... யாரு இவன், தோட்டத்தையே அடைச்சுக்கிட்டு? ரெண்டு சித்திரையாப் பாக்குறேன். ஒத்தைப் பூ இல்ல. வர்ற ஐப்பசி மழையோட வருவேன். வேரோட தூக்கிக்கிட்டுப் போயிருவேன். சொல்லிட்டேன்."

"மேஸ்திரி அண்ணே, அது விருந்தாளிண்ணே!"

"விருந்தாளின்னா ரெண்டு நாள் இருப்பான். இவன் ரெண்டு வருஷமா இருக்கான்." பொம்மையன் தலைத்துண்டைத் தட்டி விட்டுட்டுக் காத்து போயிட்டான்.

அன்னைக்கு முதல் முறையா குருவம்மா வீட்டு அடுப்பு அணைஞ்சே இருந்துச்சு. தன் வீட்டுக்கு வந்த உசுரு, தன் வீட்டு வாசல்லேருந்து சாவுக்குப் போறதா? பள்ளத்துல விழுந்தா வேரு காஞ்சு, கருகி... அவளால அதை நினைச்சுக்கூடப் பாக்க முடியல.

ஐப்பசி வந்துச்சு. மேல்மலையில மழை இறங்குற சத்தம் கேட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் வந்துருவான். குருவம்மா மண்வெட்டியை எடுத்தா. ரெண்டு வருஷம் ஊட்டி வளத்த செடியைத் தன் கையாலயே வேரோட தோண்டித் தூக்குனா.

"அம்மையீர், என்ன செய்கின்றீர்?"

"பேசாத. பேசுனா அவனுக்குக் கேக்கும்."

வீட்டுக்குப் பின்னால தெக்குப் பாத்த மாதிரி ஒரு பாறை உண்டு. இடுப்பு உசரம். அதுக்குப் பின்னால வெயில் விழும், காத்து நுழையாது. அங்க கொண்டு போய் வைக்கணும். ஆனா எதுல வைக்கிறது? கைக்குக் கிடைச்சது அடி ஓட்டையான ஒரு அரிசிப் பானை. அம்மாம் பெரிய வேரை அந்தப் பானைக்குள்ள திணிச்சா. முழங்காலைக் கொண்டு அமுக்குனா. வேருல முளைச்சிருந்த குட்டிச் செடிகளும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. அதையும் சேத்து அமுக்குனா. ரெண்டு கை சரளை மண்ணைப் போட்டு மூடுனா.

"இப்ப உக்காரு."

"உட்காருவதா? செடிகள் நிற்பதே வழக்கம்."

"உசுரு வேணுமா, வழக்கம் வேணுமா? பாறைக்கு மேல தலை தெரிஞ்சா அவன் கொத்தாத் தூக்கிருவான். உக்காரு ராசா. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

அம்மாம் பெரிய செடி, ஆள் உசரத்துல ரெண்டு பங்கு இருந்த செடி, அந்தச் சின்னப் பானைக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்துச்சு பாருங்க! அவ மேல அவ்வளவு மரியாதை.

காத்து வந்தான். தோட்டத்தைப் பாத்தான். குழி மட்டும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு.

"எங்க அவன்?"

"ஊருக்குப் போயிருச்சுண்ணே. தாயாருக்கு உடம்பு சரியில்லைன்னு ஆள் வந்துச்சு."

"செடிக்கு ஆள் வந்துச்சா?" காத்து மூக்கை உறிஞ்சுனான். சந்தேகம். "சரி. எனக்கும் வேலை இல்ல. இங்கனயே சுத்திக்கிட்டு இருக்கேன்."

சுத்துனான். கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. குருவம்மா எங்க போனாலும் பின்னாலயே வந்தான். வாளியைத் தூக்குனா வாசனை பிடிச்சுக்கிட்டு வருவான். அதனால அவ வாளியைத் தொடலை. பாறைப் பக்கம் திரும்பிப் பாக்கலை. பனி விழுந்து அதுவா நனைஞ்சாத்தான் உண்டு. ஊரையே உக்கார வச்சுப் போட்டவ வீட்டுல ஒரு விருந்தாளி பட்டினி! தட்டுல சோத்தைப் போட்டு உக்காருவா. ஒரு வாய் எடுப்பா. பாறை ஞாபகம் வந்துரும். தட்டை நகத்தி வச்சுருவா. வத்தி வதங்கிப் போனா மனுசி. பொம்மையனுக்குத் தட்டு வைக்கக்கூட அவளுக்கு ஞாபகமில்ல. அவன் பாட்டுக்குப் போட்டுச் சாப்பிட்டான். அஞ்சு மாசத்துல அவன் தன்னால எந்திரிச்சான், நடந்தான், ஒரு நாள் ஓடக்கூட செஞ்சான். அதைக் கவனிக்கிற நிலையில அவ இல்ல.

பானைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. வேருக்குப் போக இடமில்ல. இந்தப் பக்கம் போனா ஓடு, அந்தப் பக்கம் போனா ஓடு. வேரும் வேரும் தோளோட தோள் உரசி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, இறுக்கி நெருக்கி உக்காந்துச்சு. அந்த நெருக்கத்துல செடிக்கு ஏதோ பழகுன வாசம் அடிச்சுது. பாறை இடுக்கு! சொந்த ஊரு! வெயில் முதுகுல விழுது, காலுக்கடியில சரளை, பக்கத்துல சொந்தக் குட்டிங்க. ரெண்டு வருஷமாத் தூங்கிக் கிடந்த ஏதோ ஒண்ணு நடு வயித்துலேருந்து எந்திரிச்சுது.

சித்திரை பிறந்த நாலாம் நாள் காலையில பாறைக்குப் பின்னாலேருந்து ஒரு குரல். "அம்மையீர்! அம்மையீர்! அடக்க இயலவில்லை!"

குருவம்மா ஓடுனா. செடி உக்காந்துதான் இருக்கு. பாவம், சொன்ன சொல்லை மீறலை. ஆனா அதோட நடுவுலேருந்து தண்டு ஒண்ணு தானா எந்திரிச்சு வந்துக்கிட்டே இருக்கு. அது நுனியில கூம்பு மாதிரி ஒரு மொட்டு. தும்மல் வர்றவன் மூக்கைப் பிடிக்கிற மாதிரி செடி இலையெல்லாம் சேத்து அமுக்கிப் பாக்குது. நிக்கலை. பாறை விளிம்பைத் தாண்டி மொட்டு எட்டிப் பாத்துருச்சு.

காத்து பாத்துட்டான்.

"ஏய்ய்ய்... தாயாருக்கு உடம்பு சரியாயிருச்சாஆஆ?"

பாய்ஞ்சு வந்தான். குருவம்மா பானை மேல குப்புற விழுந்து கட்டிக்கிட்டா. "என்னைத் தூக்கிட்டுப் போ! அதை விட்டுரு!" அவ தலைமுடி பறக்குது, கூரை ஓலை பறக்குது. காத்து அந்தத் தண்டைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குனான்.

உலுக்குனதுல மொட்டு உடைஞ்சிருச்சு.

ஒரு மணி. ரெண்டு மணி. பத்து, இருவது, நாப்பது. நீலம்னா நீலம். மழை பெஞ்சு ஓஞ்ச மறு நிமிஷம், மேகம் விலகுற இடத்துல மலை மேல ஒரு துண்டு வானம் தெரியுமே, அந்த நீலம். அது உருண்டையாத் திரண்டு தண்டு மேல நிக்குது. காத்து மறுபடி உலுக்குனான். தண்டு இந்தப் பக்கம் சாய்ஞ்சுது, அந்தப் பக்கம் சாய்ஞ்சுது, நிமிர்ந்துது. ஒரு பூ உதிரலை. அடியில வேரு அப்படிப் பிடிச்சிருக்கே!

காத்து கையை எடுத்தான். கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தான். சுத்தி வந்து பாத்தான். அத்தனை வருஷ உத்தியோகத்துல அவன் மூச்சடக்கி நின்னது அன்னைக்குத்தான். மலை பூராம் ஒரு இலை ஆடலை.

"உக்காந்துக்கிட்டே இவ்வளவு பண்றவன், எந்திரிச்சு நின்னு ஏன்யா ஒண்ணும் பண்ணலை?" மெதுவாத்தான் கேட்டான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "வருஷா வருஷம் சித்திரைக்கு வருவேன். பூத்தா இரு. ஒரு வருஷம் தவறுனாலும், குருவம்மா, அப்ப உன் பேச்சைக் கேக்க மாட்டேன்"னு சொல்லிட்டு மலை இறங்கிட்டான்.

ஊரே கூடிருச்சு. குருவம்மாவுக்குக் கால் தரையில நிக்கலை. "பாத்தீங்களா, பாத்தீங்களா! ரெண்டு வருஷம் போட்ட சாப்பாடு வீணாப் போகுமா? உடம்புல தங்கி நின்னு, இப்ப பூவாக் கொட்டுது பாருங்க! அஞ்சு மாசம் பாவி நான் பட்டினி போட்டேன். அதையும் தாங்கிக்கிட்டுப் பூத்திருக்கே, எல்லாம் முன்னாடி தின்ன தெம்பு!"

கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துச்சு. எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. ஆனா எவன் சொல்லுவான்? அத்தனை பேரும் அவ கையால சாப்பிட்டவங்க. பொம்மையன் கூரையில ஏதோ எறும்பு போற மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னான். "ஆமா, ஆமா, உன் கைப்பக்குவம்தான்"னு நாலு பேர் முனகுனாங்க.

"அடுத்த சித்திரைக்கு ஒண்ணு இல்ல, நூறு பூ பூக்க வைக்கிறேன் பாரு மேஸ்திரி!" பழைய குழியை இன்னும் அகலமா வெட்டியாச்சு. சாணிக் கரைசல் நாலு வாளி வரிசையா நிக்குது. பானையை உடைச்சுச் செடியை வெளிய எடுக்கணும். குருவம்மா உலக்கையைத் தூக்கிட்டா.

"அம்மையீர், ஒரு விண்ணப்பம்..."

"நீ பேசாத ராசா. அஞ்சு மாசம் காஞ்ச வயிறு. இன்னைக்கு நான் போடுறதுல மூச்சுத் திணறணும்."

செடி அவளைப் பாக்குது, குழியைப் பாக்குது, வாளியைப் பாக்குது. அடுத்த சித்திரையும் காத்தும் பள்ளமும் அதுக்குக் கண்ணு முன்னால தெரியுது. ஆனா வாயைத் திறந்து அந்த மனுசி மனசை நோகடிக்க அதுக்கு வரலை. கண்ணை மூடிக்கிச்சு.

அந்த நேரம் பாத்து, பூண்டு மூட்டை சுமந்துக்கிட்டு அந்த வழியாப் போன ஒரு மட்டக்குதிரை, கூட்டத்தைப் பாத்து நின்னுச்சு. வெளியூர்க் குதிரை. யார் வீட்டுலயும் ஒரு வாய் சாப்பிடாத குதிரை. நடந்தது பூராத்தையும் கேட்டுச்சு. வாளியைப் பாத்துச்சு, பூவைப் பாத்துச்சு. யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு கொஞ்ச நேரம் காத்திருந்துச்சு. அப்புறம் அதுக்குப் பொறுக்கலை.

"ஏம்மா, நீ போட்ட ரெண்டு வருஷமும் அது பூக்கலை. நீ போடாத அஞ்சு மாசத்துல பூத்துருச்சு. உன் சோறுதாம்மா அதைப் பூக்க விடாம வச்சிருந்துச்சு!"

தூக்குன உலக்கை அப்படியே அந்தரத்துல நின்னு, மெதுவா, ரொம்ப மெதுவாக் கீழ இறங்குச்சு பாருங்க, அந்த நாள் தொட்டுத்தான் குட்டை அகபாந்தஸ் எந்த வீட்டுக்குப் போனாலும் சின்னத் தொட்டியாக் கேட்டு வாங்கி, சம்மணம் போட்டு உக்காந்து, வேருக்கு நகர இடமில்லாம நெருங்குன பிறகுதான் நீலமாப் பூக்குது.